ரப்பர் இலை உதிரும் மாதம்

டில்லி
12.6.2006

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு அனில் எழுதுவது. இங்கே வெயிலில் உடம்பு கருகிக் கிடக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் முதுகுவலி எப்படி? புதுக்கடை வைத்தியர் தந்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். என் ஆராய்ச்சி நம் விளவங்கோடு வட்டாரத்தைப் பற்றியது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? எவ்வளவு வயல் வாழையாயிற்று, எவ்வளவு வாழை ரப்பராயிற்று, எங்கெல்லாம் வீடு வந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொல்ல வேண்டும். படத்தில் நம் ஊர் பச்சையும் பழுப்புமாகத் தேமல் விழுந்த தோல் மாதிரி இருக்கிறது. எந்தப் பச்சை தென்னை, எந்தப் பச்சை ரப்பர் என்று மேலே இருந்து தெரியாது. யாராவது தரையில் நின்று பார்த்துச் சொன்னால்தான் நான் எழுதுவது செல்லுபடியாகும்.

அந்த யாராவது நீதான். பனவிளையின் படத்தைப் பெரிதாக்கி, புள்ளிகள் வைத்து, எண் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பால்வாடியில் உனக்கு வேலை இல்லாத நாட்களில் நடந்துபோய், ஒவ்வொரு புள்ளியிலும் நிலத்தின் பயன்பாடு என்ன என்று எழுதி அனுப்பு. நானே வந்து செய்ய வேண்டிய வேலை. இந்த வருடம் பேராசிரியரிடம் விடுப்பு என்று வாய் திறக்க முடியாது. எதையும் எழுத்தில் அனுப்பு. எழுத்தில் இருந்தால்தான் அவர் ஒப்புக்கொள்வார்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போ. மறந்துவிடுவாய்.

உன் தம்பி
அனில்குமார்


பனவிளை
9.7.2006

அய்யா துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், கோழி, கிணறு எல்லோரும் சுகம். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது.

தைலம் தேய்க்கிறேன். முதுகுக்குக் கை எட்டுகிற வரைக்கும் தேய்க்கிறேன். மீதிக்கு ஆள் வேண்டும்.

அடுத்த வீட்டு லீமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நீ சொன்ன இடமெல்லாம் போனேன். முதல் புள்ளி அவள் வீட்டுக்கு மேற்கே உள்ள வெறும் இடம். பயன்பாடு: லீமா துணி காயப்போடுகிறாள், சாயங்காலம் ஆம்பிளைகள் சீட்டு ஆடுகிறார்கள், கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவார்கள். நாலாம் புள்ளி ஏலா வயலின் நடுவரப்பு. நீ நெல் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அந்த வயல் முழுக்க இப்போது வாழை. வாழைக்குள் நின்று பேசுகிறவர்கள் வெளியே தெரிய மாட்டார்கள் என்பதால் வேறு பயன்பாடும் உண்டு. அதைப் பேராசிரியரிடம் சொல்லாதே. ஒன்பதாம் புள்ளி குளம். பயன்பாடு: குளிப்பது, மாடு கழுவுவது, யார் வீட்டில் என்ன சண்டை என்று தெரிந்துகொள்வது.

நாங்கள் படமும் பென்சிலுமாக அலைவதைப் பார்த்து ஊர் பயந்துவிட்டது. கடைக்கார ஏசுஅடிமை ரோட்டில் மறித்தார்.

"ஏட்டி பிள்ளே, ரோடு அகலமாக்கப் போறாவளா? எனக்க கடையும் போவுமா?"

"தம்பிக்க படிப்புக்காக்கும் மாமா."

"அவன் படிக்கதுக்கு நீ எதுக்காக்கும் நடக்குத?"

படத்தைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிட்டேன். ஆனால் நடப்பது நன்றாகத்தான் இருந்தது. அப்பா போன பிறகு வேலை முடிந்து வந்தால் வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். இப்போது உனக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, பக்கத்தில் நீயும் வருகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. போன வாரம் ஆரல்வாய்மொழியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அங்கே காற்றாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பெண் தேடுகிறார்கள். பெயர் வைகுண்டமணி. முதல் மனைவி இறந்துவிட்டாளாம். நான் காப்பி கொடுத்தேன். அவ்வளவுதான்.

உன் அக்கா
சொர்ணம்


டில்லி
2.8.2006

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு, அனில் சுகமாக இருக்கிறேன். இங்கேயும் மழை வந்துவிட்டது. நீ ஈரத்தில் நடந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை மொழிபெயர்த்துப் பேராசிரியரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் தரவு எங்கே என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான். பயன்பாடு என்று நான் எழுதியது வேறு, நீ புரிந்துகொண்டது வேறு. அங்கே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு வேண்டாம். மண்ணின் மேல் என்ன இருக்கிறது என்பது மட்டும் போதும். ஒரு புள்ளிக்கு ஓர் எண்தான் வர வேண்டும். ஒன்று நெல்வயல். இரண்டு வாழை, தென்னை. மூன்று ரப்பர். நான்கு கட்டடம். ஐந்து நீர். ஆறு தரிசு.

லீமா துணி காயப்போடும் இடம் ஆறு. குளம் ஐந்து. இப்படிப் போட்டுக்கொண்டே வந்தால் உனக்கும் கை வலிக்காது. இரண்டாவது படமும் வைத்திருக்கிறேன். சீக்கிரம் முடித்து அனுப்பு, அக்கா. உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அனில்


பனவிளை
3.9.2006

அய்யா துணை

அன்புள்ள அனிலுக்கு அக்கா எழுதுவது. சளி பிடித்து, விட்டும் போய்விட்டது. உனக்கு அங்கே யாராவது ரசம் வைத்துத் தருவார்களா?

நீ சொன்னபடி எண் போட்டுத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இது எளிதாகத்தான் இருக்கிறது. குளத்தில் லீமாவின் மாமியார் வழுக்கி விழுந்ததை எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

பதினேழாம் புள்ளிக்கு மட்டும் எண் போடவில்லை. அது நம் வீட்டு விளையின் வடக்கு மூலை. குறிக்கும்போது நீ கவனித்தாயோ என்னவோ. அங்கே பயிர் இல்லை, கட்டடம் இல்லை, தண்ணீர் இல்லை. உன் கணக்குப்படி ஆறு. ஆனால் அனில், அது அப்பா. நம் வழக்கப்படி வடக்கு நோக்கி உட்கார வைத்து, நாமம் இட்டு, மண் போட்டோம். நீ ரயிலில் இருந்தாய். வந்து சேரும்போது மண் காய்ந்துவிட்டது. அதன் மேல் நான் எதுவும் நடவில்லை. தரிசு என்று போட எனக்குக் கை வரவில்லை. நீ போட்டுக்கொள்.

இப்போது மற்ற காரியம். போன கடிதத்தில் நீ ஒரு வார்த்தையும் எழுதாததால் மறுபடி எழுதுகிறேன். ஆரல்வாய்மொழிக்காரர் நேரில் வந்தார். லீமாவும் கூட இருந்தாள். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை ஓரமாக வைத்தார். கடைசியில், "எங்க ஊர்ல காத்து ராத்திரி பூரா இரையும். ஒங்களுக்கு ஒறக்கம் வருமா?" என்றார். இங்கே ஒரு சத்தமும் இல்லாமல்தான் எனக்கு உறக்கம் வருவதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குச் சம்மதம். முப்பத்தாறு வயதில் தம்பிக்கு இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை, வேறு யாரிடம் எழுதுவது? அவர்கள் வீட்டில், "பெண்ணுக்க தம்பி வரட்டும், பேசலாம்" என்கிறார்கள். பந்தல் வாசலில் மாப்பிள்ளை காலுக்குத் தண்ணீர் ஊற்றி, கைபிடித்து உள்ளே கூட்டி வர வேண்டியவன் நீ. அந்த இடத்தில் எனக்கென்று ஒருவன் நிற்க வேண்டும், அனில். கார்த்திகைக்குள் வா.

உன் அக்கா
சொர்ணம்


டில்லி
20.11.2006

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு, பதில் இவ்வளவு தாமதமானதற்குக் கோபப்படாதே. குளிர் ஆரம்பித்துவிட்டது. உன் முதுகு எப்படி?

உன் எண்கள் மிகவும் உதவின. துறையில் பேசினேன். படங்களைத் திரையில் போட்டுக் காட்டியபோது நம் கிணறு ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அங்கேதான் நான் குளிப்பேன் என்று சொல்ல நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். சில நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் ஓட்டுக்கூரை, மேற்கே மாமரம், பாதை எல்லாம் தெரிகிறது. பெரிதாக்கிக்கொண்டே போனால் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தமிழ் பேசியே பல நாளாகிறது, அக்கா.

அவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் நான் என்ன சொல்வது? நல்லவர் என்று உனக்குத் தோன்றினால் சரி. கார்த்திகையில் என்னால் முடியாது. தையில் பார்ப்போம்.

இத்துடன் மூன்றாவது படம்.

அனில்


பனவிளை
8.12.2006

அய்யா துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிருக்குக் கம்பளி வாங்கினாயா?

உன் கடிதத்தில் பதினேழாம் புள்ளியைத் தேடினேன். காணவில்லை. போகட்டும்.

நீ தை என்று எழுதியதை நம்பி நாள் குறித்துவிட்டோம். நாம் அய்யாவைக் கும்பிடும் தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவர் எனக்காகப் பேசி முடித்தார். தை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. நம் முற்றத்திலேயே பந்தல். பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். அழைப்பவர் நீதான்.

புதுக்கடைக்குப் போய் உன் விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் இந்தியில் ஏதோ சொன்னார். நான் "அனில், அனில்" என்றேன். அவர் மறுபடி ஏதோ சொன்னார். வைத்துவிட்டேன். பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், தம்பி சொகமா இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறான் என்று சொன்னேன்.

மூன்றாவது படத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்திருக்கிறது. லீமா ராப்பகலாக இங்கேதான் கிடக்கிறாள். எல்லோரும் என்னைக் கேலி செய்கிறார்கள், நானும் சிரித்துக்கொண்டு திரிகிறேன். ஆனால் ஆட்கள் போனதும் பயமாக இருக்கிறது. நீ முன்னாலேயே வர வேண்டாம். தை பதிமூன்றாம் தேதி வந்து இறங்கினாலும் போதும். ஒரே ஒரு நாள் என் பக்கத்தில் நில். மறுநாளே ரயில் ஏறு, நான் கோபப்பட மாட்டேன்.

உன் அக்கா
சொர்ணம்


டில்லி
29.12.2006

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு, பத்திரிகை கிடைத்தது. சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் ஒரு சிக்கல். தென்னையும் ரப்பரும் படத்தில் ஒரே பச்சையாகத் தெரிகின்றன என்று சொன்னேன் அல்லவா? ரப்பர் இலை உதிர்ப்பது தை மாதத்தில்தான். அப்போது எடுத்த படத்தில் ரப்பர் பழுப்பாகப் பிரிந்து நிற்கும், தென்னை பச்சையாகவே இருக்கும். அந்தப் படத்துக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. தை முழுக்க நான் இங்கே இருந்து கேட்டு வாங்க வேண்டும். இதை விட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். பேராசிரியர் காத்திருக்க மாட்டார்.

கல்யாணத்தை மாசிக் கடைசிக்குத் தள்ள முடியுமா? ஒரு மாதம்தானே. அவர்களிடம் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்களா? மாசியில் கட்டாயம் வருவேன்.

மூன்றாவது படத்தின் புள்ளிகளையும் இலை உதிரும்போதே பார்த்துவிட்டால் நல்லது.

அனில்


பனவிளை
14.1.2007

அய்யா துணை

சுகம்.

21 – இரண்டு
22 – இரண்டு
23 – மூன்று, இலை உதிர்ந்துவிட்டது
24 – மூன்று, உதிர்ந்துவிட்டது
25 – நான்கு
26 – ஐந்து
27 – மூன்று, உதிர்கிறது
28 – இரண்டு
29 – ஆறு
30 – ஆறு

சொர்ணம்மாள்


டில்லி
21.2.2007

அய்யா துணை

அன்புள்ள அக்காவுக்கு அனில். உடம்பு தேவலையா? இங்கே குளிர் குறைந்துவிட்டது.

உன் கடைசிக் கடிதத்தைப் பேராசிரியர் துறையில் எல்லோருக்கும் காட்டினார். தரையிலிருந்து தகவல் வந்தால் இப்படித்தான் வர வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அறைக்கு வந்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஏனோ அப்படி இல்லை.

நாளைத் தள்ள முடியாது என்று நீ எழுதாததால் தள்ளிவைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ரொம்ப நல்லது. பேராசிரியரிடம் விடுப்பும் கேட்டுவிட்டேன், தந்துவிட்டார். மாசி எந்தத் தேதி என்று உடனே எழுது. டிக்கெட் எடுக்க வேண்டும். பந்தல் வாசலில் என்ன சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் எழுது. எனக்குத் தெரியாது.

தைப் படம் வந்துவிட்டது. மிகத் தெளிவான படம். மேகம் ஒரு துளி இல்லை. ஜனவரி இருபத்தெட்டு, முற்பகலில் எடுத்தது. நம் வீட்டைத்தான் முதலில் தேடினேன். முற்றத்தில் நீளமாக வெள்ளைக் கூரை ஒன்று தெரிகிறது. முந்தைய படத்தில் இல்லை. ரப்பர் ஷீட் உலர்த்த யாராவது ஷெட் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தாயா? ரோட்டோரத்தில் பஸ் மாதிரி நீளமாக இரண்டு தெரிகிறது. இப்போதைக்கு அந்தக் கூரையைக் கட்டடம் என்று குறித்திருக்கிறேன். சரியா என்று பார்த்து எழுது.

பதினேழாம் புள்ளிக்கு எண் போடவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. என்னால் முடியவில்லை, அக்கா.

அனில்


ஆரல்வாய்மொழி
4.3.2007

அய்யா துணை

அன்புள்ள அனிலுக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். நீ பனவிளைக்கு எழுதிய கடிதத்தை லீமாவின் தம்பி ஜான்ரோஸ் நேற்றுத்தான் கொண்டுவந்து தந்தான். இது என் புது விலாசம்.

அது ஷெட் இல்லை. என் கல்யாணப் பந்தல். நீ சொல்லும் இருபத்தெட்டாம் தேதிதான் தை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை எடுத்துப் பார். நாளைத் தள்ளவில்லை. தள்ளவில்லை என்று உனக்கு எழுதவும் இல்லை. எழுதியிருந்தால் நீ இன்னொரு காரணம் எழுதியிருப்பாய், அதைப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை. நான் எழுதாவிட்டாலும் நீ வந்துவிடுவாய் என்று ஒரு ஆசையும் இருந்தது. முந்தின நாள் கடைசி பஸ் வரைக்கும் லீமாவை ரோட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ரோட்டோரம் நீ பார்த்தது பஸ்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்தது. அவர் தலைப்பாகையோடு பந்தல் வாசலில் வந்து நின்றார். பெரியவர், "பெண்ணுக்க தம்பி எங்க?" என்று கேட்டார். நான் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ, எனக்கு ரொம்ப நேரமாகத் தோன்றியது. அப்புறம் லீமாவின் குரல் கேட்டது.

"ஏலே ஜான்ரோஸ், செம்பை எடு. நீ அவளுக்குத் தம்பி இல்லியா?"

அவன் வேதக்காரன், நம் முறை என்ன கண்டான்? கால் எது வேட்டி எது என்று பாராமல் ஊற்றிவிட்டான். பந்தல் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சினனுக்குப் போடுகிற மோதிரத்தை அவன் விரலில் போட்டார்கள். நேற்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். திருப்பித் தருகிறேன், அனிலண்ணனுக்கு அனுப்புங்கள் என்றான். வேண்டாம், உனக்குரியதுதான் என்று சொல்லிவிட்டேன்.

நீ என்ன சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் சொல்ல வேண்டாம். நின்றால் போதும்.

அந்த நேரத்தில்தான் உன் படம் எடுத்திருக்கிறார்கள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உள்ளே நான் உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே அந்தச் செயற்கைக்கோள் போகிறது. அது பார்த்தது உன் மேசைக்கு வருகிறது. நீ குனிந்து என் பந்தலைப் பார்த்து, இது என்ன கூரை என்று என்னிடமே கேட்கிறாய். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் நம் வீட்டைத் தேடினேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பந்தலை மறுநாளே பிரித்துவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. கட்டடம் என்று போட்டதை அடித்துவிடு.

இங்கே ஒரு குறையும் இல்லை. இவர் அதிகம் பேசாதவர், ஆனால் நான் பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். காற்று அவர் சொன்னதைவிட அதிகம். உறங்குகிறேன்.

நீ அனுப்பிய படத்தை நேற்று இவரிடம் விரித்துக் காட்டினேன். தன் ஊர் எங்கே என்று தேடினார். உன் ஆராய்ச்சிக்கு எல்லையாக நீ போட்ட கறுப்புக் கோடு இங்கே வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிடுகிறது. "அப்பம் ஒங்க தம்பிக்க கணக்குல நாம இல்ல, இல்லியா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான்தான் படத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

விடுப்பைத் திருப்பிக் கொடுக்காதே. டிக்கெட் எடு. நாகர்கோவிலில் இறங்கி பஸ் ஏறு. காற்றாலைக்கார வைகுண்டமணி வீடு என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். இந்த இடத்தை உனக்கு எழுதி அனுப்ப மாட்டேன். வந்து பார்.

உன் அக்கா
சொர்ணம்